கரண்ட் போனாலும் கலையாத பெட்டி: 16 எம்பி ஃபிளாஷில் ஸ்குவாஷ்எஃப்எஸ்

அம்பத்தூர் எஸ்டேட்டில் மாமாவுக்கு ஒரு பட்டறை. மூன்று லேத், ஒரு மில்லிங், இரண்டு சிஎன்சி, பின்பக்கக் கொட்டகையில் ஒரு கம்ப்ரஸர். எந்த மிஷின் எவ்வளவு கரண்ட் இழுக்கிறது என்று தனித்தனியாகத் தெரிய வேண்டும் என்று அவர் கேட்டார். ஒவ்வொரு மிஷினுக்கும் ஒரு எனர்ஜி மீட்டர் மாட்டி, எல்லாவற்றையும் ஒரே ஆர்எஸ்485 தொடர்புக் கம்பியில் கோத்து, ஆரஞ்சு பை ஸீரோ என்ற சின்னக் கணினி போர்டில் கொண்டுபோய்ச் சேர்த்தேன். மீட்டர்களை மாட்பஸ் (மீட்டரோடு பேசும் நெறிமுறை) வழியாகப் படித்து எம்க்யூடிடியில் (செய்தி அனுப்பும் நெறிமுறை) சர்வருக்கு அனுப்பும் சின்ன சி நிரல் ஒன்று. எஸ்டி கார்டில் லினக்ஸ். முதல் இரண்டு மாதம் எந்தத் தொந்தரவும் இல்லை.

அப்புறம் கார்டுகள் போகத் தொடங்கின. ஒரு வருடத்தில் நான்கு. காரணத்தைத் தேடி வெகுதூரம் போக வேண்டியிருக்கவில்லை. ராத்திரி ஒன்பது மணிக்கு வாட்ச்மேன் அண்ணன் மெயினை இறக்கிவிட்டுத்தான் ஷட்டரைப் பூட்டுவார். அது அந்தப் பட்டறையின் முப்பது வருடப் பழக்கம், பாதுகாப்பான பழக்கமும்கூட. அதை என் பெட்டிக்காக மாற்றச் சொல்ல எனக்கு மனமில்லை. இதற்கு மேல் மே மாதத்தில் பகலில் இரண்டு மூன்று தடவை கரண்ட் தானாகவே போய்விட்டு வரும்.

“மாப்ளே, உன் பொட்டி இன்னைக்கும் எந்திரிக்கல” என்று மாமா காலை எட்டரைக்கு ஃபோன் செய்வார். வில்லிவாக்கத்திலிருந்து நான் புது கார்டோடு கிளம்ப வேண்டும்.

லினக்ஸின் ஈஎக்ஸ்டி4 கோப்பு முறைமையில் ஜர்னல் (மாற்றங்களை முன்கூட்டியே குறித்துவைக்கும் பதிவு) இருக்கிறதே, பிறகு ஏன் கெடுகிறது என்று நண்பர்கள் கேட்டார்கள். ஜர்னல் காப்பாற்றுவது கோப்பு முறைமையின் கணக்கை. எஸ்டி கார்டுக்குள் ஒரு சின்ன கன்ட்ரோலர் உட்கார்ந்துகொண்டு, நாண்ட் என்ற வகை ஃபிளாஷ் செல்களில் இருக்கும் தரவை நமக்குச் சொல்லாமலேயே இடம் மாற்றிக்கொண்டிருக்கும். அது வேலையில் இருக்கும்போது கரண்ட் போனால், நாம் அன்று தொடாத பழைய தரவுகூடச் சேதமாகலாம். நான்காவது கார்டில் அப்படித்தான் நடந்தது. ஆறு மாதமாக யாருமே எழுதாத ஒரு லைப்ரரி கோப்பின் நடுவில் வெறும் பூஜ்யங்கள்.

சீரியல் நார் என்ற இன்னொரு வகை ஃபிளாஷில் அந்த இடைத்தரகர் கிடையாது. ஒரு செக்டரை அழி என்று சொன்னால் மட்டுமே அழியும். சொல்லாத இடம் அப்படியே இருக்கும். அதனால் சிஸ்டம் முழுவதையும் சுருக்கி, படிக்க மட்டும் முடிகிற ஒரே பிம்பமாக்கி (இமேஜ்) நார் ஃபிளாஷில் வைத்துவிடுவது என்று முடிவு செய்தேன். அப்படிச் சுருக்கி வைக்கும் கோப்பு முறைமைதான் ஸ்குவாஷ்எஃப்எஸ். வீட்டு வைஃபை ரௌட்டர்கள் பல வருடமாக இப்படித்தான் ஓடுகின்றன. ரௌட்டரில் ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற லினக்ஸைப் போட்டவர்களுக்கு இது தெரிந்திருக்கும்.

சிப் மாற்றுவது

ஆரஞ்சு பை ஸீரோவில் 2 எம்பி ஃபிளாஷ் ஒன்று இருக்கிறது. கெர்னலை (லினக்ஸின் மையப் பகுதி) ஏற்றிக் கிளப்பும் பூட்லோடருக்கு அது போதும், சிஸ்டத்துக்குப் பத்தாது. ரிச்சி தெருவில் விங்பாண்ட் டபிள்யூ25க்யூ128 வாங்கினேன். 128 மெகாபிட், அதாவது 16 எம்பி. வாங்கும் முன் போர்டில் இருக்கும் சிப்பின் அகலத்தை அளந்துகொள்ளுங்கள். எட்டுக் கால் சிப்பில் 150 மில் அகலம் ஒன்று, 208 மில் அகலம் ஒன்று. இந்த 128 பொதுவாக 208இல்தான் வரும். வோல்டேஜையும் பாருங்கள். பெயரில் எஃப்வி, ஜேவி என்று முடிந்தால் 3.3 வோல்ட், எஃப்டபிள்யூ என்றால் 1.8.

32 எம்பி சிப்புக்கு ஏன் போகவில்லை? 16 எம்பி வரை மூன்று பைட் முகவரி போதும். அதற்கு மேல் நான்கு பைட். கெர்னல் சிப்பை நான்கு பைட் முறைக்கு மாற்றி வைத்திருக்கும் நேரத்தில் போர்டு ரீசெட் ஆனால், மூன்று பைட்டில் கேட்கிற பூட் ராமுக்கு (செயலிக்குள்ளேயே பதிந்திருக்கும் தொடக்க நிரல்) சிப் தவறான பதில் சொல்லும், போர்டு எழுந்திருக்காது. தீர்வுகள் உண்டு, ஆனால் இல்லாத பிரச்சினையை நானாக ஏன் வாங்க வேண்டும்.

சூடான காற்றில் பழைய சிப்பை எடுத்து, பேடுகளைத் துடைத்து, புதியதை வைத்துச் சூட்டுக்கோலால் காலுக்குக் கால் ஒட்டினேன். அரை மணி நேர வேலை. எழுதுவதற்குத் தனி புரோக்ராமர் வேண்டாம். எஸ்டி கார்டும் இல்லாமல், ஃபிளாஷும் காலியாக இருந்தால் போர்டின் செயலியான ஆல்வின்னர் சிப், ஃபெல் என்ற நிலைக்குப் போய் யூஎஸ்பி கேபிளில் காத்திருக்கும். லேப்டாப்பில் சன்க்ஸி-ஃபெல் கருவியை ஓட்டினால் நேராக ஃபிளாஷில் எழுதிவிடும். அவசரப்படாதீர்கள், அழித்து எழுதுவதற்குப் பல நிமிடங்கள் ஆகும்.

16 எம்பியை இப்படிப் பிரித்தேன். முதல் 960 கேபி, பூட்லோடரான யூ-பூட்டுக்கு. அடுத்த 64 கேபி அதன் சூழல் மாறிகளுக்கு. பிறகு 12 எம்பி ஸ்குவாஷ்எஃப்எஸ். கடைசி 3 எம்பி ஜேஎஃப்எஃப்எஸ்2 (ஃபிளாஷில் எழுதவும் முடிகிற கோப்பு முறைமை), அமைப்புகளை மட்டும் எழுத. போர்டில் என்னென்ன வன்பொருள் இருக்கிறது என்று கெர்னலுக்குச் சொல்லும் டிவைஸ் ட்ரீ கோப்பில் இந்த ஃபிளாஷ் முன்னிருப்பாக முடக்கப்பட்டிருக்கும். அதைத் திறந்துவிட வேண்டும்.

கெர்னல் எங்கே இருக்க வேண்டும்

வழக்கமாகச் செய்வது, கெர்னலுக்கு ஒரு தனிப் பகுதி ஒதுக்கி, யூ-பூட்டில் எஸ்எஃப் ரீட் என்ற ஃபிளாஷ் படிக்கும் கட்டளையால் நினைவகத்துக்கு ஏற்றிக் கிளப்புவது. எளிமை. பெரும்பாலானவர்களுக்கு அதுவே போதும். நான் அதைத் தவிர்த்ததற்குச் சொந்த அனுபவம் ஒன்று உண்டு.

எஸ்டி கார்டு காலத்தில் கெர்னல் ஒரு ஃபேட் பகுதியிலும், அதன் மாட்யூல்கள் (தேவைப்படும்போது ஏறும் துணைத் துண்டுகள்) இன்னொரு பகுதியிலும் இருந்தன. ஒரு தடவை கெர்னலை மட்டும் புதுப்பித்துவிட்டு மாட்யூல்களை மறந்தேன். போர்டு அழகாக எழுந்தது, நெட்வொர்க் வந்தது. ஆர்எஸ்485 கன்வெர்ட்டருக்கான சிஎச்341 மாட்யூல் மட்டும் பதிப்பு பொருந்தாமல் ஏற மறுத்துவிட்டது. இரண்டு நாள் மீட்டர் கணக்கு வெற்றாகப் போனது. கெர்னல், டிவைஸ் ட்ரீ, மாட்யூல்கள், என் நிரல் எல்லாம் ஒரே பிம்பத்துக்குள் இருந்தால் இப்படி ஒரு தப்பு நடக்கவே வழியில்லை. வந்தால் எல்லாம் சேர்ந்து வரும், போனால் எல்லாம் சேர்ந்து போகும். அதற்கு பூட்லோடர் அந்தச் சுருக்கிய பிம்பத்தைத் தானே திறந்து, உள்ளே இருக்கும் கெர்னலை எடுக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

பழைய வழி கிராம்எஃப்எஸ் என்ற சுருக்கிய கோப்பு முறைமை. லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதியது. யூ-பூட் வெகுகாலமாகவே இதைப் படிக்கும். ஆனால் யூ-பூட்டின் கிராம்எஃப்எஸ் குறிமுறை, ஃபிளாஷ் முழுவதும் செயலியின் முகவரிப் பரப்பில் நேரடியாகத் தெரிகிறது என்று எண்ணி எழுதப்பட்டது. அந்தக் காலத்து பேரலல் நார் அப்படித்தான். சீரியல் ஃபிளாஷுக்கு, முதலில் பிம்பத்தை நினைவகத்தில் ஏற்றிவிட்டு, கிராம்எஃப்எஸ்-அட்ரஸ் என்ற மாறியில் அந்த இடத்தைச் சொல்ல வேண்டும். செய்து பார்த்தேன், வேலை செய்கிறது. ஆனால் 4 கேபி 4 கேபியாகச் சுருக்குவதால் சுருக்கம் குறைவு. ஒரு கோப்பு 16 எம்பியைத் தாண்டக் கூடாது என்ற வரம்பு எனக்குப் பொருட்டில்லை. சுருக்கம்தான் கவலை. என் 24 எம்பி சிஸ்டம் 12 எம்பிக்குள் அடங்கவில்லை.

ஸ்குவாஷ்எஃப்எஸ் பிலிப் லாஃபர் எழுதியது. 2009இல் லினக்ஸ் 2.6.29இல் சேர்ந்தது. 128 கேபி முன்னிருப்பு பிளாக், விரும்பினால் 1 எம்பி வரை போகலாம். பிளாக் பெரிதானால் சுருக்கம் கூடும். ஒரு சின்னக் கோப்பைப் படிக்கவும் அவ்வளவு பெரிய துண்டை விரிக்க வேண்டிவரும். நான் 256 கேபியில் நின்றேன். யூ-பூட் இதைப் படிக்கக் கற்றது 2020 அக்டோபர் பதிப்பில்.

இரண்டு முட்டுக்கட்டைகள்

முதல் முட்டுக்கட்டை சுருக்கும் முறை. பில்ட்ரூட் என்ற கருவியில் சிஸ்டத்தைக் கட்டி மூன்று முறையிலும் சுருக்கிப் பார்த்தேன். ஜிஸிப்பில் 10.4 எம்பி, இசட்-ஸ்டாண்டர்டில் (இசட்எஸ்டிடி) 9.6, எக்ஸ்இசட்டில் 8.7. சின்னதாயிற்றே என்று எக்ஸ்இசட்டை எழுதினேன். யூ-பூட் திறக்க மறுத்தது. பிம்பத்தின் முதல் 96 பைட்தான் சூப்பர்பிளாக், அதாவது பிம்பத்தைப் பற்றிய விவரத் தலைப்பு. அதை நினைவகத்தில் ஏற்றி எம்டி கட்டளையால் விரித்துப் பார்த்தேன். முதல் நான்கு பைட் 68 73 71 73, அதாவது எச், எஸ், க்யூ, எஸ் என்ற எழுத்துகள். ஆக, பிம்பம் சரியான இடத்தில்தான் இருக்கிறது. 20ஆவது பைட்டில் 04. அங்கேதான் சுருக்கும் முறையின் எண் இருக்கும். 1 ஜிஸிப், 3 எல்இசட்ஓ, 4 எக்ஸ்இசட், 6 இசட்எஸ்டிடி. நான் பயன்படுத்திய யூ-பூட் 2024.01இன் ஸ்குவாஷ்எஃப்எஸ் பகுதிக்கு 1, 3, 6 மட்டும்தான் தெரியும். லினக்ஸுக்கு எக்ஸ்இசட் தெரியும், அதனால் மேசையில் லேப்டாப்பில் ஏற்றிப் பார்க்கும்போது எல்லாம் சரியாகவே தெரிந்தது. இசட்எஸ்டிடியில் மறுபடி கட்டினேன். அந்த இடத்தில் 06 வந்தது, திறந்தது. யூ-பூட் கட்டமைப்பில் இசட்எஸ்டிடி விரிப்பானையும் தனியாக இயக்க மறக்காதீர்கள்.

இங்கே ஒரு நல்ல விஷயம். கெர்னலின் உள்ளே எக்ஸ்இசட் போட்டுக்கொள்ளத் தடையில்லை. இசட்இமேஜ் என்ற வடிவில் இருக்கும் கெர்னல் தன்னைத் தானே விரித்துக்கொள்ளும், யூ-பூட்டுக்கு அதில் வேலையே இல்லை. என் கெர்னல் 3.9 எம்பிக்கு இறங்கியது அப்படித்தான்.

இரண்டாவது முட்டுக்கட்டை பெரியது. யூ-பூட்டின் ஸ்குவாஷ்எஃப்எஸ், பிளாக் சாதனத்தை (டிஸ்க் போலத் துண்டு துண்டாகப் படிக்கும் சாதனம்) மட்டுமே படிக்கும். எஸ்டி கார்டு, ஈஎம்எம்சி, யூஎஸ்பி டிஸ்க் இவையெல்லாம் பிளாக் சாதனங்கள். நான் பயன்படுத்திய பதிப்பில் சீரியல் நார் ஃபிளாஷ் அந்தப் பட்டியலில் இல்லை. ஸ்குவாஷ்எஃப்எஸ்ஸிலிருந்து கோப்பை ஏற்றும் எஸ்க்யூஎஃப்எஸ்-லோட் கட்டளைக்கு என் ஃபிளாஷைக் காட்ட வழியே இல்லாமல் இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க இதிலேயே உட்கார்ந்திருந்தேன். வழி கிடைத்தது பிளாக்மேப் என்ற கட்டளையில். 2023 ஏப்ரல் பதிப்பில் வந்தது. நினைவகத்தின் ஒரு பகுதியைக் காட்டி, இதை ஒரு டிஸ்க் என்று எண்ணிக்கொள் என்று யூ-பூட்டிடம் சொல்ல இது உதவுகிறது. நெட்வொர்க்கில் இறக்கிய பிம்பத்தைத் திறப்பதற்கு என்று ஆவணத்தில் உதாரணம் கொடுத்திருக்கிறார்கள். நெட்வொர்க்கில் இறக்கினால் என்ன, ஃபிளாஷிலிருந்து இறக்கினால் என்ன? நினைவகத்துக்கு இரண்டும் ஒன்றுதான்.

வரிசை இதுதான். எஸ்எஃப் புரோப் போட்டு ஃபிளாஷை எழுப்புவது. எஸ்எஃப் ரீட் போட்டு முழுப் பிம்பத்தையும் பதினாறடிமான முகவரி 46000000இல் ஏற்றுவது. பிளாக்மேப்பில் ஒரு சாதனத்தை உருவாக்கி, அந்த முகவரியை அதில் பொருத்துவது. நீளத்தை 512 பைட் பிளாக்குகளில் கொடுக்க வேண்டும், வகுத்து வரும் மீதியை மேல்பக்கம் முழுமையாக்க வேண்டும். பிறகு அந்தச் சாதனத்திலிருந்து பூட் அடைவில் இருக்கும் இசட்இமேஜை 42000000இலும், டிவைஸ் ட்ரீயை 43000000இலும் ஏற்றிக் கிளப்புவது. கெர்னலுக்கு ரூட்டாக (சிஸ்டத்தின் மூலக் கோப்பு முறைமை) எம்டிடிபிளாக் 2, அதாவது பூஜ்யத்திலிருந்து எண்ணினால் ஃபிளாஷின் அந்த 12 எம்பி பகுதி; வகை ஸ்குவாஷ்எஃப்எஸ், படிக்க மட்டும்.

சீரியல் கன்சோலில் கெர்னல் வரிகள் ஓடத் தொடங்கியபோது மணி இரவு பதினொன்றரை. அம்மா எழுந்து வந்து, “இன்னும் தூங்கலையா?” என்று கேட்டார்கள். போர்டைக் காட்டினேன். கார்டே இல்லாமல் ஓடுதும்மா என்றேன்.

நான்கு நொடி

ஓடியது, ஆனால் மெதுவாக. இந்த போர்டில் எஸ்எஃப் ரீட் நொடிக்கு 2.4 எம்பிதான் தந்தது. 9.6 எம்பிக்கு நான்கு நொடி. அதற்கு முன் எஸ்பிஎல் (யூ-பூட்டின் சின்ன முதல் கட்டம்) முழு யூ-பூட்டை ஏற்றுவதற்கே முக்கால் நொடி. எஸ்பிஎல் ஃபிளாஷை 6 மெகாஹெர்ட்ஸில்தான் படிக்கிறது, அதாவது நொடிக்கு 750 கேபி. ஒரு மீட்டர் பெட்டிக்கு நான்கு நொடி பெரிய விஷயமில்லைதான். ஆனால் யூ-பூட்டுக்குத் தேவை கெர்னலும் டிவைஸ் ட்ரீயும் மட்டும். மீதி ஐந்தரை எம்பியை வீணாகப் படிக்கிறது என்று தெரிந்த பிறகு விட மனசு வரவில்லை.

ஸ்குவாஷ்எஃப்எஸ் பிம்பத்தின் அமைப்பு இப்படி. தலையில் சூப்பர்பிளாக். அதன் பின் கோப்புகளின் தரவு, வரிசையாக. வாலில் ஐநோட் அட்டவணை (ஒவ்வொரு கோப்பின் விவரக் குறிப்பு), அடைவு அட்டவணை, இன்னும் சில அட்டவணைகள். ஒரு கோப்பைக் கண்டுபிடிக்க வால் வேண்டும், எடுக்க அந்தக் கோப்பின் தரவு இருக்கும் இடம் வேண்டும். நடுவில் இருப்பதை யாரும் தொடப்போவதில்லை.

பிம்பத்தைக் கட்டும் எம்கே-ஸ்குவாஷ்எஃப்எஸ் கருவிக்கு ஒரு வரிசைக் கோப்பு கொடுக்கலாம். எந்தக் கோப்புக்கு அதிக எண்ணோ அது முதலில் எழுதப்படும். கெர்னலுக்கும் டிவைஸ் ட்ரீக்கும் 32000 கொடுத்தேன். கெர்னல் பிம்பத்தின் தலைமாட்டிலேயே வந்து உட்கார்ந்துகொண்டது. பிறகு யூ-பூட் ஸ்கிரிப்டை மாற்றினேன். முதலில் தலையிலிருந்து 4 எம்பி படி. சூப்பர்பிளாக்கின் 64ஆவது பைட்டில் ஐநோட் அட்டவணை எங்கே தொடங்குகிறது என்று இருக்கும், 40ஆவது பைட்டில் பிம்பத்தின் மொத்த நீளம் இருக்கும். செட்எக்ஸ்பர் கட்டளையால் இரண்டையும் எடுத்து, கழித்து, வாலை மட்டும் அதற்குரிய இடத்தில் படி. வால் மொத்தம் 30 கேபிகூட இல்லை. நடுவில் இருக்கும் ஐந்தரை எம்பி நினைவகம் அப்படியே கிடக்கும். பிளாக்மேப்புக்கு அது தெரிய வேண்டியதில்லை.

நான்கு நொடி 1.7 ஆனது. இருபது தடவை ரீசெட் செய்து பார்த்தேன், இருபதும் எழுந்தது. மறுநாள் காலை பட்டறைக்கு எடுத்துப்போய் மாட்டினேன்.

எழவில்லை.

பட்டறையில் நடந்தது

மாமா பக்கத்தில் நின்றார். பெட்டியைத் திறந்து சீரியல் கேபிளை மாட்டினேன். கெர்னல் ஏறியிருந்தது. டிவைஸ் ட்ரீயை ஏற்றும் இடத்தில் இசட்எஸ்டிடி விரிப்பான் பிழை சொல்லி நின்றிருந்தது. அங்கேயே ஸ்கிரிப்டைப் பழையபடி முழுப் பிம்பமும் படிக்கிற மாதிரி மாற்றினேன், எழுந்தது. உடனே தலை-வால் முறைக்கு மாற்றி ரீசெட் செய்தேன். அதுவும் எழுந்தது! பிளக்கைப் பிடுங்கி அரை நிமிடம் விட்டுச் செருகினேன். நின்றுவிட்டது.

“சூடா இருந்தா வருது, ஆறிப்போனா வரல. கார்புரேட்டர் மாதிரியா?” என்று ஃபோர்மேன் அண்ணன் கேட்டார். அவர் கேட்ட கேள்விதான் எனக்கு வழிகாட்டியது. வெறும் ரீசெட்டில் டிராமின் (நினைவக சிப்) கரண்ட் நிற்பதில்லை, உள்ளே இருந்தது பெரும்பாலும் அப்படியே தங்கிவிடும். வீட்டு மேசையில் முழுப் பிம்பத்தையும் அதே முகவரியில் முதல் நாள் முழுக்க ஏற்றியிருந்தேன். அதன் பின் தலை-வால் முறைக்கு மாறியபோது நடுப்பகுதி நினைவகத்தில் ஏற்கெனவே இருந்தது. என் இருபது சோதனைகளும் அந்த மிச்சத்தைத் தின்றுதான் ஓடியிருக்கின்றன.

அப்படியானால் டிவைஸ் ட்ரீ நடுப்பகுதியில் இருந்திருக்கிறது. வரிசைக் கோப்பில் முதலிடம் கொடுத்தும் எப்படி? காரணம் ஃப்ராக்மென்ட். ஒரு பிளாக்கைவிடச் சிறிய கோப்புகளை ஸ்குவாஷ்எஃப்எஸ் தனித்தனியாக எழுதாது. பல சின்னக் கோப்புகளைச் சேர்த்து ஒரு பிளாக்காக்கி, அது நிறைந்த பிறகு எழுதும். சுருக்கம் கூடுவதற்கு இது அருமையான உத்தி. என் டிவைஸ் ட்ரீ 30 கேபி சொச்சம். அது இன்னும் சில சின்னக் கோப்புகளோடு சேர்ந்து, அந்த ஃப்ராக்மென்ட் நிறைந்த நேரத்தில் நான் படிக்காத பகுதியில் போய் விழுந்திருந்தது. கெர்னல் பெரிய கோப்பு, அதனால் அதற்குப் பிரச்சினையில்லை.

அன்று பட்டறையில் முழுப் பிம்பம் படிக்கிற ஸ்கிரிப்டையே விட்டுவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து முதலில் செய்தது சோதனையைத் திருத்தியது. எம்டபிள்யூ கட்டளையால், படிப்பதற்கு முன் 46000000இலிருந்து 12 எம்பிக்கு ஒரே எண்ணை நிரப்பினேன். உடனே மேசையிலும் பிழை வந்தது, ஒவ்வொரு தடவையும். இந்த ஒரு வரியை முதல் நாளே போட்டிருந்தால் அம்பத்தூர் வரை போயிருக்க வேண்டாம். நினைவகத்தில் பகுதி பகுதியாக ஏற்றுகிற எந்த வேலை செய்தாலும் முதலில் இதைப் போடுங்கள்.

திருத்தம் சின்னது. எம்கே-ஸ்குவாஷ்எஃப்எஸ்ஸுக்கு ஆக்‌ஷன் என்ற விருப்பம் உண்டு. பெயர் டிடிபி என்று முடிகிற கோப்புகளை (டிவைஸ் ட்ரீ கோப்புகள்) ஃப்ராக்மென்டில் சேர்க்காதே என்று சொன்னேன். எல்லாக் கோப்புக்கும் ஃப்ராக்மென்டை நிறுத்தியிருந்தால் பிம்பம் பெருத்திருக்கும். இந்த ஒன்றுக்கு மட்டும் என்பதால் வித்தியாசமே தெரியவில்லை. அதோடு கெர்னலைச் சுருக்காமல் வை என்றும் சொல்லிவிட்டேன். அது ஏற்கெனவே சுருங்கியது, அதை மறுபடி சுருக்குவதும் விரிப்பதும் வெட்டி வேலை. கன்சோலில் 43000000ஐ விரித்துப் பார்த்தேன். முதல் நான்கு பைட் டி0 0டி எஃப்ஈ ஈடி. டிவைஸ் ட்ரீயின் அடையாளம் அது.

எழுதும் இடமும் புதுப்பிக்கும் வழியும்

ரூட் படிக்க மட்டும்தான் என்பதால், அதன் மேல் டிஎம்பிஎஃப்எஸ் என்ற, நினைவகத்திலேயே இருக்கும் கோப்பு முறைமையை ஓவர்லேயாக, அதாவது மேலடுக்காகப் போட்டேன். நிரல்கள் எழுதுவதெல்லாம் அங்கே போகும், கரண்ட் போனால் மறைந்துவிடும். மீட்டர் எண்ணிக்கை மறையாதா என்று மாமா கேட்டார். மொத்த யூனிட் கணக்கை மீட்டர் தன் உள்ளேயே வைத்திருக்கிறது, பெட்டி அதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டிய அவசியமே இல்லை. மீட்டர் முகவரிகளும் சர்வர் விவரமும் மட்டும் ஜேஎஃப்எஃப்எஸ்2இல். ஜேஎஃப்எஃப்எஸ்2க்கு 4 கேபி செக்டர் சரிப்படாது. கெர்னலில் 4 கேபி செக்டர் விருப்பத்தை அணைத்து 64 கேபி ஆக்குங்கள். 3 எம்பியில் 48 பிளாக் கிடைக்கும்.

12 எம்பியில் இரண்டு பிம்பம் வைக்க இடமில்லை. ஓடிக்கொண்டிருக்கும் ரூட்டின் மேலேயே எழுதுவதும் சரியில்லை. இங்கே எஸ்டி கார்டு மறுபடி கைகொடுத்தது. ஆல்வின்னர் பூட் ராம் முதலில் எஸ்டி கார்டைத்தான் பார்க்கும். புதுப்பிக்கும் கார்டு ஒன்று செய்தேன். செருகி கரண்ட் கொடுத்தால், பிம்பத்தை ஃபிளாஷில் எழுதி, திரும்பப் படித்து ஒப்பிட்டு, சரியென்றால் பச்சை எல்ஈடியை நிலையாக எரிய விடும். நடுவில் கரண்ட் போனாலும் கார்டு அங்கேயே இருப்பதால் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். இதை ஃபோர்மேன் அண்ணனிடம் கொடுத்திருக்கிறேன். ஸ்பானர் பெட்டியில் வைத்திருக்கிறார்.

ஒரு எச்சரிக்கை. கோப்பு முறைமையைத் திறக்கத் தெரிந்த பூட்லோடர், கெட்ட எண்ணத்தோடு செய்த பிம்பத்தையும் திறந்து பார்க்கும். 2022இல் யூ-பூட்டின் ஸ்குவாஷ்எஃப்எஸ் பகுதியில், அடைவைப் படிக்கும் இடத்தில் எல்லை தாண்டி எழுதும் ஓட்டை ஒன்று வெளியானது. 2020.10 முதலே அது இருந்திருக்கிறது. என் பெட்டி பூட்டிய பட்டறைக்குள் இருக்கிறது, நான் புதிய பதிப்புதான் போட்டிருக்கிறேன், அதனால் எனக்கு இது போதும். வெளியாட்கள் கையில் போகும் சாதனம் என்றால் கெர்னலை ஃபிட் என்ற யூ-பூட் பிம்ப வடிவில் டிஜிட்டல் கையொப்பத்தோடு வைத்து, கையொப்பம் சரிபார்த்த பிறகே திறக்க வேண்டும். அந்த இடத்தில் என் வழியைப் பரிந்துரைக்க மாட்டேன்.

ஈரோஎஃப்எஸ் என்ற, படிக்க மட்டும் முடிகிற இன்னொரு கோப்பு முறைமை எப்படி என்று கேட்பவர்களுக்கு: யூ-பூட் அதையும் 2022 முதல் படிக்கிறது, சின்னக் கோப்புகளை எடுப்பதில் வேகமானது. 16 எம்பிக்குள் அடக்குவது முக்கியமான இடத்தில் எனக்கு ஸ்குவாஷ்எஃப்எஸ்ஸே ஒத்துவந்தது.

கடைசிச் சோதனைக்கு ஒரு ரிலே வைத்து, 40 நொடிக்கு ஒருமுறை போர்டின் கரண்டைத் துண்டித்து ஒரு இரவு முழுக்க ஓடவிட்டேன். இந்த முறை ரீசெட் இல்லை, உண்மையான கரண்ட் வெட்டு, ஒவ்வொரு வெட்டுக்கும் பத்து நொடி இடைவெளி. காலையில் எண்ணிக்கை எழுநூறைத் தாண்டியிருந்தது. எழுந்தவுடன் ஒவ்வொரு தடவையும் போர்டு ஒரு எம்க்யூடிடி செய்தி அனுப்ப வேண்டும். வெட்டுகளும் செய்திகளும் ஒன்றுக்கொன்று சரியாக இருந்தன.

பட்டறையில் மாட்டி மூன்று மாதமாகிறது. போன சனிக்கிழமை போய், எம்டிடி 2ஐ (ஸ்குவாஷ்எஃப்எஸ் பகுதி) முழுக்கப் படித்து அதன் ஷா256ஐ, அதாவது தரவின் சரிபார்ப்பு எண்ணை, நான் கட்டிய பிம்பத்தின் எண்ணோடு ஒப்பிட்டேன். எழுத்துக்கு எழுத்து அதே. கிளம்பும்போது மாமா கம்ப்ரஸர் கொட்டகையைக் காட்டி, “அங்கேயும் ஒண்ணு வச்சிடு மாப்ளே” என்றார். ரிச்சி தெருவில் இன்னும் இரண்டு சிப் சொல்லி வைத்திருக்கிறேன்.